தொழில்நுட்பப் படிநிலை: கற்பனைக் கோள்களும் ஓய்மாநாடும்

தொழில்நுட்பப் படிநிலை என்பது, ஒரு சமூகம் கையாளும் கருவிகளையும் ஆற்றலையும் கொண்டு அதனை ஓர் ஏணியின் ஏதேனும் ஒரு படியில் நிறுத்தும் வகைப்பாடு ஆகும். அறிவியல் புனைகதைகளிலும் விளையாட்டுகளிலும், மனிதர் குடியேறிய கற்பனைக் கோள்களைத் தரம் பிரிக்க இம்முறை பெரிதும் பயன்படுகிறது. எனினும் இந்த ஏணியைக் கதாசிரியர்கள் புதிதாகச் செய்யவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருங்காட்சியகத்திலும் மானிடவியல் நூலிலும் செய்யப்பட்ட ஏணியையே அவர்கள் விண்வெளிக்கு எடுத்துச் சென்றனர். அதே ஏணி பூமியில் வாழும் மக்கள் மீதும் சாத்தப்பட்டது. சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்ட திண்டிவனம் பகுதியும், அதனை உள்ளடக்கிய இன்றைய விழுப்புரம் மாவட்டமும் இவ்வகைப்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே வழுக்குகிறது என்பதைக் காண ஏற்ற இடங்கள். கல்வெட்டு, இலக்கியம், தொல்லியல், இன்றைய அரசாணை ஆகிய நான்கு வகைச் சான்றுகளும் இங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.

கோள்களுக்கு மதிப்பெண்

1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த டிராவலர் என்னும் விளையாட்டில் ஒவ்வொரு கோளும் ஒரு குறியீட்டு வரிசையால் குறிக்கப்படுகிறது. விண்கல நிலையத்தின் தரம், கோளின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, ஆட்சி, சட்டக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எழுத்தோ எண்ணோ உண்டு. கடைசியில் வருவது தொழில்நுட்ப மதிப்பெண். சுழியம் என்றால் கற்காலம். விளையாட்டு வெளிவந்த 1970-கள் ஏழாம் படி. அதற்கு மேலுள்ளவை எல்லாம் கற்பனை. இந்த மதிப்பெண்ணைப் பகடை உருட்டியே பெறுகின்றனர். ஆனால் நல்ல விண்கல நிலையம் உள்ள கோளுக்குக் கூடுதல் புள்ளிகள் சேரும். துறைமுகம் இருந்தால் தொழில்நுட்பம் வரும் என்ற அந்த விதி, விளையாட்டுக்காக எழுதப்பட்டதாயினும், வரலாற்று உணர்வோடு எழுதப்பட்டது எனலாம்.

1986-இல் வந்த கர்ப்ஸ் என்னும் மற்றொரு விளையாட்டில் வரிசை இன்னும் நேரடியானது. சுழியம் கற்காலம், ஒன்று வெண்கலக் காலம், இரண்டு இரும்புக் காலம், மூன்று இடைக்காலம் என்று அது ஏறிச் செல்கிறது. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் ஒளியை விஞ்சிய வேகப் பயணத்தைக் கண்டுபிடிக்காத கோள்களின் வாழ்வில் தலையிடக் கூடாது என்பது சட்டம். அங்கே ஏணியில் ஒரே ஒரு படிக்குத்தான் மதிப்பு. ஐசக் அசிமோவின் பவுண்டேசன் கதைகள் இதற்கு மாறான ஒன்றைக் காட்டின. பேரரசு தளர்ந்ததும் அதன் விளிம்பிலிருந்த கோள்கள் அணு ஆற்றலை இழந்து நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் திரும்புகின்றன. ஏணியில் ஏறியவர் இறங்கவும் கூடும் என்பதை இத்துறையில் அழுத்தமாகச் சொன்ன கதைகள் அவை.

அறிவியலாளரும் இவ்வாசையிலிருந்து தப்பவில்லை. சோவியத் வானியலாளர் நிக்கோலாய் கர்தாசேவ் 1964-இல், வேற்றுலக நாகரிகங்களை அவை பயன்படுத்தும் ஆற்றலின் அளவால் மூன்றாகப் பிரித்தார். ஒரு கோளின் அளவில் ஆற்றலைப் பயன்படுத்துவது முதல் வகை. ஒரு விண்மீனின் முழு ஆற்றலையும் பயன்படுத்துவது இரண்டாம் வகை. விண்மீன் பேரடை முழுவதன் ஆற்றலையும் ஆள்வது மூன்றாம் வகை. கார்ல் சேகன் 1973-இல் இடைப்பட்ட புள்ளிகளையும் சேர்த்து மனித குலத்துக்கு 0.7 என்று மதிப்பெண் இட்டார். வகுப்பில் தேர்ச்சி பெறாத மாணவனுக்கு இடும் மதிப்பெண் போன்றது இது.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு கருத்து உண்டு. ஒரு கோளுக்கு ஒரே எண். அதன் கடற்கரையில் வாழ்பவர், காட்டில் வாழ்பவர், வயலில் வாழ்பவர் அனைவரும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிட வேண்டும்.

ஏணி வந்த வழி

டென்மார்க்கின் கிறித்தியன் யூர்கென்சன் தாம்சன் 1816 முதல் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தின் தொல்பொருள் சேகரிப்பைக் கவனித்து வந்தார். பொருள்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று பிரித்து அடுக்கினார். 1836-இல் வெளிவந்த அவரது வழிகாட்டி நூல் இந்த மூன்று கால முறையைப் பரப்பியது. எந்தப் பொருள் எந்தப் பொருளுடன் சேர்ந்து புதைந்திருந்தது என்பதைக் கவனித்துச் செய்யப்பட்ட நல்ல பணி அது. அலமாரியை ஒழுங்குசெய்ய அது போதுமானதாக இருந்தது. அலமாரி டென்மார்க்கில் கிடைத்த பொருள்களுக்கானது என்பதைப் பிற்காலத்தவர் பலர் மறந்துவிட்டனர்.

1877-இல் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் பொருள்களை விட்டு மனிதர்களை அடுக்கத் தொடங்கினார். காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்பன அவர் வகுத்த பெரும் பிரிவுகள். முதல் இரண்டும் கீழ், இடை, மேல் என மும்மூன்றாகப் பிரிந்தன. வில்லும் அம்பும் ஒரு படிக்கு அடையாளம். மட்பாண்டம் அடுத்த படிக்கு. இரும்பை உருக்குவது அதற்கும் மேலே. எழுத்து வந்தால்தான் நாகரிகம். டிராவலரின் எண் வரிசையையும் மார்கனின் படிகளையும் அருகருகே வைத்தால் குடும்பச் சாயல் தெரியும்.

விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலைப் பாறைகளில் செந்நிற ஓவியங்கள் உள்ளன. மனித உருவங்களுடன் சில குறியீடுகளும் அங்கே காணப்படுகின்றன. அக்குறியீடுகளைச் சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிட்டவர்களும் உண்டு; அதனை ஏற்காதவர்களும் உண்டு. மார்கனின் கணக்குப்படி, அவை எழுத்து என்றால் வரைந்தவர் நாகரிகர். வெறும் கோடு என்றால் அநாகரிகர். வரைந்த கையும் பாறையும் ஒன்றுதான்.

வெண்கலப் படி இல்லாத நாடு

இந்தியாவின் முன்வரலாற்று ஆய்வு தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் புட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏணியின் முதற்படி இங்கே உறுதியாகவே இருக்கிறது.

இரண்டாம் படியில்தான் சிக்கல். தமிழகத்தில் புதிய கற்காலத்துக்கும் இரும்புக் காலத்துக்கும் நடுவே தனியான வெண்கலக் காலம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. வெண்கலப் பொருள்கள் கிடைக்கவே இல்லை என்பது இதன் பொருளன்று. ஆதிச்சநல்லூரில் அழகிய வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. அவை இரும்புடன் சேர்ந்தே கிடைத்தன. திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசி வட்டத்திலுள்ள கீழ்நமண்டியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமப்பேழைப் புதைப்பு ஒன்றின் காலம் கி.மு. 1692 எனக் கணிக்கப்பட்டுள்ளது. தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் இரும்புடன் கிடைத்த மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரையிலான காலக்கணிப்புகள் வந்துள்ளதாகத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. வட இந்தியா செம்பையும் வெண்கலத்தையும் பயன்படுத்திய அதே காலத்தில் தெற்கே இரும்பு புழங்கியது என்பது அந்த அறிக்கையின் முடிவு. இக்காலக்கணிப்புகள் பற்றிய விவாதம் ஆய்வுலகில் தொடரும். ஆயினும் சிவகளையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வெண்கலப் படி வெற்றிடமாகவே இருக்கிறது.

ஒரு படியைத் தாண்டிக் குதித்த சமூகத்தைக் கர்ப்ஸ் விளையாட்டு எந்த எண்ணில் வைக்கும் என்பது அதனை ஆடுபவர் கவலை. வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது வேறு. செம்பும் வெள்ளீயமும் எளிதில் கிடைக்காத இடத்தில் வெண்கலம் ஒரு கட்டாயப் படியாக இருக்க முடியாது. இரும்புத்தாது தரையிலேயே கிடைக்கும் இடத்தில் இரும்புக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. படிகளின் வரிசையை நிலமே தீர்மானித்திருக்கிறது.

மூன்று ஊர், மூன்று விருந்து

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் மீது பாடிய 269 அடிப் பாட்டு. பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு நல்லியக்கோடனின் ஊருக்கு வழி சொல்வதே அதன் அமைப்பு. நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று திண்டிவனம் நகரத்துக்குள் அடங்கிய கிடங்கல் பகுதி. வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் என்றும் ஆய்வாளர் கருதுவர். (வேலூரைப் பாலாற்றங்கரை வேலூர் என்று மயங்குவோர் இன்றும் உண்டு.) மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான்.

இந்தச் சிறு தொலைவில் பாணர் மூன்று வகை விருந்து பெறுகின்றனர். எயிற்பட்டினத்தில் பரதவர் வீடுகளில் பழைய தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரமே அங்கே விறகு. வேலூரில் வேட்டுவக் குடியினரான எயினர் வீட்டில் புளி சேர்த்த வெண்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில், இரும்புப் பூண் தேயத் தேய உலக்கையால் குற்றிய அரிசியின் சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும்.

இவற்றை மார்கனின் ஏணியில் ஏற்றினால் எயினர் காட்டுநிலையில் நிற்பர். பரதவரை எங்கே வைப்பதென்று தெரியாது. உழவர், இரும்பு உலக்கையுடன், மேல் அநாகரிக நிலையில் இருப்பர். கிடங்கிலில் அமர்ந்து புலவரைப் போற்றும் நல்லியக்கோடன் மட்டும் எழுத்தறிந்த நாகரிகன் ஆவான். ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி கொண்ட நான்கு படிகள் இரண்டு நாள் நடைத் தொலைவில் அடங்கிவிடுகின்றன. பாட்டில் வரும் பாணனோ ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்துக்குப் பயணம் செய்வதாக எண்ணவில்லை. ஒரு நிலத்திலிருந்து அடுத்த நிலத்துக்குப் போகிறான்.

வேட்டுவர் வீட்டு விருந்தில் வெண்சோறு இருப்பதையும் பார்க்க வேண்டும். அந்த நெல் அவர்கள் சிறிதளவு விளைவித்ததாகவோ, ஆமூர் போன்ற மருத நிலத்தில் இறைச்சிக்கோ தேனுக்கோ மாற்றிப் பெற்றதாகவோ இருக்கலாம். எவ்வாறாயினும் எயினர் வேளாண்மையை அறியாதவராக இருந்ததால் வேட்டையாடவில்லை. வயலுக்கு அருகிலேயே, வயலின் விளைச்சலை உண்டுகொண்டே, வேட்டையாடினர். கடற்கரையும் அப்படியே. எயிற்பட்டினம் வெளிநாட்டு வணிகர் அறிந்த துறைமுகமாக இருந்தது என்று கருதுவோர் உண்டு. டிராவலர் விளையாட்டின் விதிப்படி அதற்குக் கூடுதல் புள்ளிகள் சேர வேண்டும். ஆனால் அங்கே பாணருக்குக் கிடைப்பது உலர்மீன்.

இந்த நிலைமையைத் தமிழ் மரபு திணை என்ற வகைப்பாட்டால் கையாண்டது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக அவற்றோடு சேர்க்கிறது. இதில் மேல், கீழ் இல்லை. நெய்தலுக்கு எண் இரண்டு, மருதத்துக்கு எண் நான்கு என்று எவரும் இடவில்லை.

அப்படி இருந்தும் திணையையே ஏணியாக்கும் முயற்சியும் நடந்தது. பி. டி. சீனிவாச அய்யங்கார் 1929-இல் வெளியிட்ட தமிழர் வரலாற்று நூலில், மனிதர் குறிஞ்சியிலிருந்து இறங்கி முல்லையில் மேய்ச்சலும் மருதத்தில் உழவும் கற்றதாகத் திணைகளை வளர்ச்சிப் படிகளாக விளக்கினார். யாழ்ப்பாணத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1974-இல் எழுதிய கட்டுரை வேறு பார்வையை முன்வைத்தது. திணைகள் ஒரே காலத்தில் நிலவிய சமனற்ற வளர்ச்சியைக் காட்டுகின்றன என்பது அவர் வாதம். ஓய்மாநாட்டு வழி, அவர் கருத்துக்கே கூடுதல் ஆதரவு தருகிறது. சமனற்றது என்ற சொல்லுக்குள்ளும் ஓர் உயர்வு தாழ்வு ஒளிந்திருக்கிறது. ஆனால் மூன்று ஊர்களையும் ஒரே பொழுதில் பார்க்க அவர் வழி செய்தார்.

மண்டகப்பட்டுக் கல்வெட்டு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் பெரிய வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயருடைய அரசன் பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாகக் கூறுகிறது.

இக்கல்வெட்டைக் கட்டடக்கலையின் முன்னேற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். முன்னர்க் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டன என்பதற்கும் இதுவே சான்று. ஏணிக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது விந்தையான கல்வெட்டு. செங்கல் சுடத் தெரிந்தவன், மரம் இழைக்கத் தெரிந்தவன், உலோகம் வார்க்கத் தெரிந்தவன், சாந்து அரைக்கத் தெரிந்தவன், அந்த நான்கையும் விட்டுவிட்டதைப் பெருமையாகப் பொறித்திருக்கிறான். கோயிலில் உலோகம் இல்லை. ஆனால் பாறையைக் குடைந்த உளி இரும்பு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கல்வெட்டைப் படிக்காமல் கோயிலை மட்டும் பார்த்து, இதனைச் செய்தவர்க்குச் செங்கல் தெரியாது என்று குறித்துக்கொண்டால் அது முற்றிலும் தவறான குறிப்பாக இருக்கும். கோள்களை வகைப்படுத்தும் கதைகளில் வரும் விண்கலத் தலைவர்கள் பெரும்பாலும் இவ்வாறுதான் குறிக்கின்றனர்.

மகேந்திரவர்மனின் தளவானூர்க் குகைக்கோயிலும், திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையின் சிறு குகைக்கோயிலும் இதே மாவட்டத்தில் உள்ளன. நூறு ஆண்டுகளுக்குள், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்ம பல்லவன் பனமலைக் குன்றின்மேல் கற்களை அடுக்கித் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினான். அதில் ஓர் உமையின் ஓவியம் இன்றும் எஞ்சியுள்ளது. அதன்பின் குகைக்கோயில் குடைவது குறைந்தது. அந்தக் கலை மறந்துபோனதால் குறையவில்லை. விருப்பம் மாறியதால் குறைந்தது. இக்காலத்திலும் அதே விருப்பத் தேர்வைக் காணலாம். வானூர் வட்டத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், சூளையில் சுடாமல் அழுத்திச் செய்த மண்கற்களால் வீடுகள் கட்டுகின்றனர். அங்கே பொதுச் சமையலறையின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவக் கண்ணாடி, வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குகிறது.

வேளாண்மைக்கு முந்திய நிலை

கோள்களுக்கு இடும் எண்ணால் எவருக்கும் இழப்பில்லை. மனிதருக்கு இட்டபோது அப்படி இல்லை. இந்திய அரசு 1975-இல், பழங்குடிகளுள் மிகவும் பின்தங்கியவர் என்று 52 குழுக்களைத் தொன்மைப் பழங்குடிகள் என்ற தனிப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அது 75 ஆயிற்று. சேர்ப்பதற்கான அளவுகோல்களில் முதலாவது, வேளாண்மைக்கு முந்திய தொழில்நுட்ப நிலை. குறைந்த எழுத்தறிவும் குறைந்துவரும் அல்லது வளராத மக்கள்தொகையும் அடுத்து வந்தன. தமிழ்நாட்டிலிருந்து தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் அதில் உள்ளன.

இவர்களுள் இருளர் விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சமவெளி ஊர்களில் பரவலாக வாழ்கின்றனர். அரிசி ஆலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு எனப் பல வேலைகளில் அவர்களைக் காணலாம். கொத்தடிமை முறையில் சிக்கியவர்களும் பலர். வேளாண்மைக்கு முந்தியவர் என்று எழுதப்பட்டவர்களின் உழைப்பு, வேளாண்மையின் கடைசிக் கட்டமான அரிசி ஆலையில் செலவாகிறது. பழங்குடியினர் மலையிலும் காட்டிலும் இருப்பர் என்ற எண்ணம் வலுவாக இருப்பதால், ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இதற்காகவும் காவல்துறை வன்முறைக்கு எதிராகவும் தொடர்ந்து போராடியது. ஏணியின் கீழ்ப்படி உரிமையையும் தருகிறது என்பதால் அப்படியில் தமக்கு இடம் உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை.

இருளரின் கருவிகள் சில. எலி வளையில் புகை செலுத்த ஒரு மண்கலத்தில் வைக்கோலை மூட்டி, அதிலுள்ள துளை வழியே வாயால் ஊதுவர். பாம்பு பிடிக்க ஒரு கோலும் துணிப்பையும் போதும். ஏணியில் இவற்றுக்குச் சுழியம்தான் கிடைக்கும். ஆனால் மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டு எந்தப் பாம்பு எப்போது போயிற்று என்று சொல்லும் அறிவைக் கருவியாக எண்ணி அடுக்கும் அலமாரி இதுவரை செய்யப்படவில்லை. 1970-களில் பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின், 1978-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் விட்டுவிடுவது அச்சங்கத்தின் பணி. இந்தியாவில் நச்சு முறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்தே செல்கிறது. நவீன மருந்துத் தொழிற்சாலையின் முதல் இயந்திரம் இருளரின் கை.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளரை அழைத்தது. 2023 சனவரியில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தொன்மைப் பழங்குடிகள் என்ற பெயரை நடுவண் அரசு 2006-இலேயே கைவிட்டு, எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் பழங்குடிக் குழுக்கள் என்று மாற்றியிருந்தது. வேளாண்மைக்கு முந்திய தொழில்நுட்ப நிலை என்ற அளவுகோல் மாறவில்லை. இக்குழுக்களுக்கு வீடு, சாலை, குடிநீர் வழங்கும் பிரதமர் ஜன்மன் திட்டம் 2023 நவம்பர் 15 அன்று தொடங்கியபோதும், அந்த அளவுகோலால் அமைந்த பட்டியலில் இருளர் பெயர் இருந்தது.